சாசனமும் சந்தையும்



மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லையில், தாணே நகரை ஒட்டி நிற்கும் ஊர் முலுண்ட். ஊரின் விளிம்பிலுள்ள சோதனைச் சாவடியை இங்கு வாழும் தமிழர் அனைவரும் அறிவர். சரக்கேற்றி வந்த லாரிகள் இரவு முழுதும் அங்கே வரிசையாய் நின்ற காலம் ஒன்றுண்டு. நகருக்குள் நுழையும் ஒவ்வொரு மூட்டைக்கும் மாநகராட்சி ‘ஜகாத்’ என்னும் நுழைவரி கொண்டது. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, அந்த நுழைவரி நின்றது. பெயர் மட்டும் நிலைத்தது. பேருந்து நடத்துநர் இன்றும் ‘நாக்கா’ என்றே குரல் கொடுக்கிறார்.

அந்தச் சாவடியைக் கடக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. ஊர் வாயிலில் நின்று வரி கொள்ளும் உரிமை யாருடையது? ஓரிடத்தில் சந்தை கூட்டவும், துலாக்கோல் நாட்டவும், விற்பவனிடமும் வாங்குபவனிடமும் பங்கு கேட்கவும் உரிமை எங்கிருந்து பிறந்தது? முற்காலத்தில் இதற்கு உலகெங்கும் ஏறத்தாழ ஒரே விடைதான் இருந்தது. அரசன் எவனுக்கு எழுதிக் கொடுத்தானோ அவனுடையது அவ்வுரிமை. அவ்வெழுத்தின் பெயர் சாசனம். அச்சாசனங்களின் வரலாற்றைத்தான் இன்று நாம் சிறிது பார்க்க விரும்புகிறோம்.

முதலில் தொலைவிலுள்ள நாடு ஒன்றைக் காண்போம். ஸ்காட்லாந்தை 1124 முதல் 1153 வரை ஆண்ட முதலாம் டேவிட் மன்னன், நிலத்தை எழுத்து வழியாக வழங்கும் முறையை அங்கே வேரூன்றச் செய்தான். அவன் ஆட்சியின் தொடக்கத்திலேயே ராபர்ட் த புரூஸ் என்னும் நார்மானியப் பிரபுவுக்கு அனண்டேல் பள்ளத்தாக்கை வழங்கினான். அந்தக் குடும்பத்தில் தோன்றிய மற்றொரு ராபர்ட் புரூஸே பின்னாளில் ஸ்காட்லாந்தின் அரியணை ஏறியவன். ஒரு மானியம் ஒரு குலத்தை எவ்வளவு உயர்த்தக் கூடும் என்பதற்கு இதுவே சான்று.

நிலம் பெற்ற பிரபுக்கள் அடுத்து வேண்டியது சந்தை. நிலம் ஆண்டுக்கு ஒரு முறை விளையும். சந்தையோ வாரந்தோறும் விளையும். ஆதலின், தம் நிலத்தில் ஒரு பேரூர் அமைக்கவும், வாரச் சந்தையும் ஆண்டுத் திருவிழாச் சந்தையும் கூட்டவும், அங்கே சுங்கம் கொள்ளவும் அவர்கள் மன்னனிடம் சாசனம் பெற்றனர். வடகிழக்குக் கடற்கரையில் ஃபெய்த்லி என்றொரு சிற்றூர் இருந்தது. பிலார்த் ஊரின் ஃபிரேசர் குடும்பத்தார் 1546இல் அதற்குச் சந்தையூர் உரிமை பெற்றனர். 1592இல் அவ்வூரின் பெயரே ஃபிரேசர்பர்க் என மாறிற்று. ஊருக்குக் குடும்பம் பெயர் தந்தது. குடும்பத்துக்கு ஊர் பொருள் தந்தது.

இவ்வகைச் சாசனங்களுக்குச் செலுத்த வேண்டிய கடன் சில வேளைகளில் வியப்பூட்டும். ஒரு வெள்ளிக்காசு, ஒரு ரோசாமலர், ஓர் இணைக் கையுறை என்ற அளவில் ஆண்டுக் கடன் பெற்றுப் பெருநிலம் வழங்கியதுண்டு. வாங்கும் பொருள் முக்கியமன்று. ‘இந்நிலம் உம்மால் தரப்பட்டது’ என்று ஆண்டுதோறும் ஒப்புக்கொள்வதே முக்கியம். இந்த ரோசாமலரை நினைவில் வைத்திருங்கள். மும்பையிலும் இதைப் போன்ற ஒன்றைக் காணப் போகிறோம்.

இனி நம் பக்கம் வருவோம். சேர நாட்டுக் கொல்லத்தில் கி.பி. 849இல் பொறிக்கப்பெற்ற தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் உள்ளன. சேரப் பேரரசன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், கடல் கடந்து வந்த மார் சபீர் ஈசோ என்னும் வணிகத் தலைவர் எடுப்பித்த பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கினார். பள்ளி என்பது இங்கே கிறித்தவக் கோயிலைக் குறிக்கும். எடையும் அளவையும் பற்றிய அதிகாரம் பள்ளிக்குக் கிடைத்தது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்கள் அவ்வுரிமைகளைக் காக்கும் பொறுப்பேற்றன. சாசனத்தின் இறுதியில் சான்றிட்டவர்களின் கையெழுத்துக்கள் அரபு, பாரசீகப் பகலவி, எபிரேயம் ஆகிய எழுத்துக்களில் உள்ளன. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னமே நம் கடற்கரைச் சந்தை எத்தனை மொழி பேசிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஏறத்தாழக் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு, ஈசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகருக்கு அஞ்சுவண்ண உரிமை அளித்தான். ஜோசப் ரப்பான் என்று நாம் இன்று கூறும் அவர் பெற்றவை எழுபத்திரண்டு சிறப்புரிமைகள். பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, எக்காளம், தோரணம் என அவை நீளும். இவற்றோடு சுங்க விலக்கும் சேர்ந்தது. மகனுக்கும் மகளுக்கும் மருமகனுக்கும், வழிவழியாக, உலகும் ஞாயிறும் திங்களும் உள்ளவரை அவை செல்லும் என்பது சாசனத்தின் உறுதி. வட்டெழுத்திலமைந்த அச்செப்பேடுகள் கொச்சியில் யூத மக்களால் போற்றிக் காக்கப்பட்டன.

பிற்காலத்தில் வீரராகவச் சக்கரவர்த்தி என்னும் மன்னன், மகோதையபுரத்து இரவிக் கொற்றனுக்கு மணிக்கிராமப் பட்டம் தந்தான். ‘சேரமான் லோகப் பெருஞ்செட்டி’ என்று அவனைச் சிறப்பித்தான். அளக்கும் பொருளிலும், நிறுக்கும் பொருளிலும், எண்ணும் பொருளிலும் தரகு கொள்ளும் உரிமை அவனுக்குரியதாயிற்று. ஸ்காட்லாந்துப் பிரபு தன் சந்தைக்குப் பெற்றதும், இரவிக் கொற்றன் தன் பட்டினத்துக்குப் பெற்றதும் வகையால் ஒன்றே அல்லவா?

சோழ நாட்டில் மானியம் வழங்கும் முறை மிக நுட்பமானது. மன்னன் வாய்மொழியாக ஆணையிடுவான். திருமந்திர ஓலை எழுதுவோர் அதனை எழுதுவர். அதிகாரிகள் பலர் ஒப்பமிடுவர். பின் நாட்டாருக்குத் திருமுகம் செல்லும். நாட்டார் அதனைத் தலைமேற் கொண்டு, பெண்யானை ஒன்றை நில எல்லை சுற்றி நடத்தி, அது நடந்த வழியே கல்லும் கள்ளியும் நடுவர். முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய வரலாறு இவ்வாறே செப்பேட்டில் ஏறியது. அந்தச் செப்பேடுகள் கடல் கடந்து நெதர்லாந்தின் லெய்டன் நகரம் சேர்ந்து, லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன.

ஆயினும், சந்தையின் பொருட்டுத் தமிழ் மக்கள் மனமுவந்து நினைவில் வைத்த மன்னன் சுங்கம் கொடுத்தவனல்லன், சுங்கத்தை நீக்கியவன். 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று நாடு வாழ்த்திற்று. ஒருவனுக்கு வழங்கிய உரிமையினும், அனைவருக்கும் நீக்கிய சுமையே நீண்ட புகழுக்குரியது என்பதை இதனால் அறிகிறோம்.

இப்போது நாம் வாழும் இக்கொங்கணக் கரைக்குத் திரும்புவோம். முலுண்டை அடுத்த தாணே, சிலாகார மன்னர்களின் தலைநகராய் விளங்கியது. தாணேயில் 1787இல் கண்டெடுக்கப்பெற்ற செப்பேடுகள், அரிகேசரி என்னும் சிலாகார மன்னன் 1017இல் ஊர்களைத் தானமாக வழங்கியதைக் கூறுகின்றன. அக்காலத்துக் கல்வெட்டுக்கள் பலவற்றின் உச்சியில் ஞாயிறும் திங்களும் செதுக்கப்பட்டிருக்கும். தானத்தை அழிப்பவனுக்குரிய சாபமும் அங்கே உண்டு. நம் ஊர்க் கல்வெட்டுக்கள் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தைச் சொல்லி அச்சுறுத்தும். இவ்வூர்க் கல்வெட்டுக்கள் கழுதையின் உருவத்தைச் செதுக்கி இழிவு கூறும். மொழி வேறு, சாபம் வேறு, அஞ்சியது ஒன்றே. எழுதிக் கொடுத்ததை அடுத்து வருபவன் அழித்துவிடுவானோ என்ற அச்சமே அது.

அந்த அச்சம் வீணன்று என்பதை இத்தீவின் வரலாறு காட்டுகிறது. முலுண்ட் அமைந்துள்ள தீவுக்குச் சாஷ்டி என்று பெயர். அறுபத்தாறு ஊர்கள் கொண்டமையால் இப்பெயர் வந்தது என்பர். 1534இல் குஜராத்தின் சுல்தான் பகதூர் ஷாவுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் வசாயும் அதனைச் சார்ந்த நிலங்களும் போர்த்துகீசியர் வசமாயின. அவர்கள் ஊர் ஊராகத் தம் பிரபுக்களுக்குப் பிரித்தளித்தனர். மசகாவ் என்னும் தீவூர் 1572இல் சூசா குடும்பத்தாருக்குப் பரம்பரை உரிமையாயிற்று. 1737இல் மராட்டியர் சாஷ்டியைக் கைப்பற்றினர். 1774இல் ஆங்கிலேயர் தாணேக் கோட்டையைப் பிடித்தனர். 1782இல் சால்பாய் உடன்படிக்கை அதனை உறுதி செய்தது. ஒவ்வொரு கொடி மாறும்போதும் சாசனங்கள் மறுபடியும் எடுத்துப் பார்க்கப்பட்டன. ஞாயிறும் திங்களும் நின்றன, கொடுத்தவர் நிற்கவில்லை.

மும்பைத் தீவின் கதை இன்னும் சுவையானது. 1661இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ், போர்த்துகல் இளவரசி காதரினை மணக்க இசைந்தபோது, இத்தீவு சீதனமாயிற்று. 1665இல் ஆங்கிலேயர் இதனைப் பெற்றனர். 1668இல் மன்னன் இதனை அரச சாசனத்தால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கினான். ஆண்டு வாடகை எவ்வளவு தெரியுமா? பத்துப் பவுன் பொன். ஸ்காட்லாந்துப் பிரபுவின் ரோசாமலரை நினைவுகூருங்கள்! தீவு முழுதும் கிழக்குக் கிரீன்விச் என்னும் ஆங்கிலப் பண்ணையைச் சார்ந்த நிலம்போலக் கருதி எழுதப்பட்டது. கம்பெனியும் ஒரு பிரபுவாயிற்று.

அக்கம்பெனி தனக்குக் கிடைத்ததைப் பிறருக்கும் பகிர்ந்தது. ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியர், 1670களில், பழைய நில உரிமையாளரோடு ஆண்டுக்கு 20,000 ஷெராஃபின் என உடன்பட்டு அவர்தம் நிலங்களை உறுதி செய்தார். 1677இல் தியூ நகர் வணிகர் நிமா பாரக் மும்பையில் குடியேற விரும்பியபோது, வெறும் வாய்ச்சொல்லை ஏற்கவில்லை; எழுத்தில் கேட்டார். வீட்டுக்கும் பண்டகசாலைக்கும் வாடகையில்லா நிலம், தம் சமய நெறியைத் தடையின்றிக் கைக்கொள்ளும் உரிமை, காவற்பணியினின்று விலக்கு ஆகியவற்றைக் கேட்டுப் பெற்றார். புதிய ஊருக்குப் பிழைக்க வருபவன் கேட்க வேண்டியவற்றை அந்த வணிகர் முந்நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்பே நன்கு அறிந்திருந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாஷ்டியின் ஊர்கள் பார்சி வணிகக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. போவாய்ப் பகுதி பிராம்ஜி காவஸ்ஜி பனாஜியிடம் சேர்ந்தது. அவர் அங்கே பயிர்த் தொழிலில் புதுமைகளை முயன்றார். 1838இல் இங்கிலாந்து அரசி விக்டோரியாவுக்கு மாங்கனிகள் அனுப்பியதும் அவரே. 1830இல் பைராம்ஜி ஜீஜீபாய் ஏழு ஊர்களைப் பெற்றார். தரிசைத் திருத்துக, பயிரை வளர்க்க என்ற நோக்கம் இக்கொடைகளோடு இருந்தது. ஆயினும் அவ்வூர்களில் வழிவழியாய் உழுதவர்களுக்குப் புதிய எசமானர் வந்தாரேயன்றி, புதிய உரிமை வரவில்லை.

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். சாசனங்களைப் படிக்கும்போது கொடுத்தவன் பெயரும் பெற்றவன் பெயரும் பொன்போல் மின்னுகின்றன. ஆனால் அவற்றினிடையே வேறு சிலரும் உள்ளனர். தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் நிலத்தோடு ஈழவர், வண்ணார், தச்சர், வெள்ளாளர் குடிகளும் சேர்த்து வழங்கப்பட்டனர். இரவிக் கொற்றனுக்கு வாணியரும் ஐங்கம்மாளரும் அடிமையாகத் தரப்பட்டனர். எண்ணெய் ஆட்டியவனும், இரும்படித்தவனும், பொன் செய்தவனும் இல்லையேல் சந்தையே இல்லை. எனினும் சந்தையின் சாசனத்தில் அவன் உரிமையாளனாக எழுதப்படவில்லை. கொடுக்கப்படும் பொருளாகவே எழுதப்பட்டான். அவனுடைய பெயர்கூட அங்கில்லை. தொழிலின் பெயரே உண்டு.

இந்நிலை மெல்ல மாறிற்று. 1802இல் சென்னை மாகாணத்தில் ஜமீன்தார்களுக்கு நிலையான பட்டயம் வழங்கியபோது, உப்பு, சந்தைச் சுங்கமாகிய ‘சாயர்’ ஆகியவற்றின் வருவாயைக் கம்பெனி தன்னிடமே நிறுத்திக்கொண்டது. நிலம் வேறு, சந்தை வேறு எனப் பிரிந்தது அப்போதுதான். ஸ்காட்லாந்தில் 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடங்கியபின், பிரபுக்களின் பரம்பரை நீதி அதிகாரம் 1747இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அங்கே நிலத்தின் மீதிருந்த பிரபுத்துவப் பிணைப்பு முழுதும் அகன்றது 2004ஆம் ஆண்டிலேதான் என்றால் நம்புவது அரிது. நம் நாடு அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. சென்னை மாகாணம் 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் செய்தது. பம்பாய் மாகாணம் 1951இல் சாஷ்டி எஸ்டேட்டுகளின் நிலவரி விலக்கை ஒழிக்கும் சட்டம் செய்தது. விடுதலை பெற்ற சில ஆண்டுகளிலேயே, ஞாயிறும் திங்களும் உள்ளவரை என்ற சொல்லுக்கு நாம் முற்றுப்புள்ளி வைத்தோம்.

முலுண்டின் புது உருவம் இவற்றுக்கிடையே அமைந்தது. 1853இல் போரிபந்தரிலிருந்து தாணேக்குச் சென்ற முதற் புகைவண்டி இந்நிலத்தின் வழியே ஓடிற்று. 1922இல் கிரவுன், கார்ட்டர் என்னும் கட்டடக் கலைஞர்கள் நேரிய தெருக்களோடு இவ்வூரைத் திட்டமிட்டனர். நிலையத்திலிருந்து ஐந்து சாலை கூடும் பாஞ்ச் ரஸ்தா வரை நடப்பவர் அத்திட்டத்தின் ஒழுங்கை இன்றும் காணலாம். 1957இல் இவ்வூர் மாநகராட்சி எல்லைக்குள் வந்தது. அரசனுமில்லை, பிரபுவுமில்லை, மனை, பத்திரம், பதிவு, வரி என்ற புதிய முறை வந்தது.

இந்நகருக்கு வந்த தமிழர் என்ன சாசனம் கொண்டுவந்தனர்? ஒன்றுமில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்தோர் தாராவியின் சதுப்பை மேடாக்கிக் குடியேறினர். அங்கே 1887இல் ஒரு பள்ளிவாசலும், 1913இல் ஒரு பிள்ளையார் கோயிலும் எழுந்தன. எழுத்தரும் கணக்கருமாய் வந்தோர் மாதுங்காவில் குடியேறினர். 1896ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப்பின் 1898இல் அமைந்த நகரச் சீரமைப்பு அறக்கட்டளை அப்பகுதியை மனைகளாகத் திருத்தியது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது. செம்பூரிலும் முலுண்டிலும் பின்னர் வந்தோர் வாழ்கின்றனர். மாதுங்காக்காரனுக்கு ஒரு குத்தகைப் பத்திரம் இருந்தது. தாராவிக்காரனுக்கோ உழைப்பைத் தவிர வேறு பத்திரமில்லை. இருவரும் ஒரே மொழி பேசினர்; ஆயினும் எழுத்து அவர்களை இரு வேறு நிலையில் வைத்தது. 1976இல் குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை வழங்கியபோதுதான், பலருக்கு முதன்முதலாகத் தம் பெயர் எழுதிய ஓர் அரசுத் தாள் கையில் கிடைத்தது.

இன்று அந்தத் தாளே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. தாராவி மறுசீரமைப்பில், 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்னிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தோர் என மெய்ப்பிப்பவர் தாராவியிலேயே வீடு பெறுவர். மெய்ப்பிக்க இயலாதோரும், மாடிக் குடியிருப்போரும் வேறிடம் செல்ல நேரும். அவர்களுக்கு வீடு கட்டும் பொருட்டுக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பளங்களில் 255 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் குத்தகைக்குப் பெற 2024இல் மாநில அமைச்சரவை முடிவு செய்தது. நீரும் சாலையும் போதா என்று முலுண்டில் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வருபவரிலும் தமிழர் உண்டு; வர வேண்டாம் என்பவரிலும் தமிழர் உண்டு. நாம் எப்பக்கம் நிற்பது?

இதற்கு ஒரே சொல்லில் விடை கூற நாம் துணியவில்லை. ஆயினும் சாசனங்களின் வரலாறு இரண்டு உண்மைகளை நமக்குச் சொல்கிறது. முதலாவது, நிலம் கைமாறும்போதெல்லாம் அதன்மேல் வாழ்பவனைக் கேளாது எழுதினால், அவ்வெழுத்து நெடுநாள் நில்லாது. செப்பேட்டில் பெயரில்லாத அந்த வாணியனையும் தச்சனையும் போல இன்று எவரும் வெறும் எண்ணாக நிற்றல் ஆகாது. இரண்டாவது, வாய்ச்சொல்லை நம்பாது எழுத்தைக் கேட்ட நிமா பாரக்கின் அறிவு நமக்கும் வேண்டும். மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியலின் படி, பழைய பங்கீட்டு அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை எளியவை என்று எறிந்துவிடாதீர்கள். ஏழையின் செப்பேடு அவையே. படித்தவர் படியாதவருக்கு அவற்றைச் சேர்த்து வைக்கவும், மராத்தியிலுள்ள அறிவிப்பைப் படித்துச் சொல்லவும் உதவுதல் கடமை. நம் சங்கங்களும் மன்றங்களும் ஆண்டு விழாவோடு நின்றுவிடாது, வாரத்தில் ஒரு மாலை இதற்கென ஒதுக்கினால், அதுவே பெருந்தொண்டாகும்.

முலுண்டு எல்லையில் இன்று நுழைவரி கேட்பார் இல்லை. சுங்கம் தவிர்த்தவனைப் போற்றிய மரபில் வந்தவர் நாம். சரக்குக்கு வாயில் திறந்த இந்நகரில், மனிதர்க்கு வாயில் அடைபடாதிருக்க நம்மால் இயன்றதைச் செய்வோம்.